மண்ணை அளக்கும் மாணாக்கரை மதிப்போம்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் ஊர்களின் சந்திகளை ஒருமுறை பார்த்தாற் போதும், நாம் எதனைக் கல்வி எனக் கொண்டாடுகிறோம் என்பது விளங்கிவிடும். மருத்துவபீடம் புகுவோர் படம் ஒருபுறம். பொறியியற்பீடம் புகுவோர் படம் மறுபுறம். மாவட்டத்தில் இத்தனையாம் இடம் என்ற பெரிய எழுத்து நடுவே. அப்பிள்ளைகள் உழைத்துப் பெற்ற வெற்றியில் நமக்கும் பெருமையுண்டு. ஆனால் அதே பாடசாலையில், அதே ஆண்டில், தன் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆடி முதல் மார்கழி வரை கிழமைதோறும் அளந்து எழுதி வைத்த மாணவி ஒருத்தி இருந்தாளா என்று கேட்பார் எவருமில்லை. இருந்திருந்தாலும் அவள் படம் எந்தச் சந்தியிலும் தொங்கியிராது.

இக்குறையைப் பற்றியே இவ்வாரம் நாம் எழுத விரும்புகிறோம். புவியியல் கற்கும் உயர்தர வகுப்பு மாணாக்கருள், தாமே ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்து, தாமே களத்திற் சென்று அளந்தும் கேட்டும் கண்டும், தாமே முடிபு கண்டு எழுதும் சிறந்த ஆய்வுகளை ஆண்டுதோறும் தெரிந்து பாராட்டும் ஒழுங்கொன்று தமிழ் பேசும் மக்களிடையே ஏற்படுத்தப்படல் வேண்டும் என்பது நமது கோரிக்கை. அரசியற் பத்திரிகை ஒன்றுக்கு இதனினும் பெரிய விடயங்கள் இல்லையா என்று சில நண்பர் வினவக்கூடும். தன் மண்ணின் ஆழமும் அகலமும் அறியாத மக்களின் அரசியல் வெறும் மேடைப்பேச்சாகவே முடியும் என்பது நமது விடை.

நம் தந்தையர் பூமிசாத்திரம் என்றழைத்த பாடம் இது. உலக நாடுகளின் தலைநகர்களையும் நதிகளையும் மலைகளையும் மனனஞ்செய்து ஒப்புவிக்கும் பாடம் என்ற எண்ணம் இன்றும் பலரை விட்டு நீங்கவில்லை. நீதிமன்றத்திற் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாடு நன்கு தெரியும். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது ஒன்று. தான் கண்டதைச் சொல்வது வேறொன்று. முன்னதை நீதிபதி எளிதில் ஏற்பதில்லை. பின்னதையே சான்றாகக் கொள்வர். பாடநூலிலிருந்து ஒப்புவிப்பது முதலாம் வகையைச் சார்ந்தது. கிணற்றடியில் நின்று கயிறு விட்டு அளந்து, திகதியும் நேரமும் குறித்து, 'நான் கண்டது இது' என்று எழுதுவது இரண்டாம் வகை. குறுக்கு விசாரணைக்கு நின்று பதில் சொல்லக்கூடிய கல்வி இதுவே.

நம் குடாநாட்டின் நிலைமையையே முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே நாம் ஆறென்று சொல்லிக்கொள்வது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில கிழமைகளிற் பெய்து ஓய்கின்றது. அம்மழை நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கும் வில்லைபோல் நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேல்மட்டம் 1 அடி தாழுமாயின் உப்புநீர் அடியிலிருந்து 40 அடி வரை உயர இடமுண்டாகும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதைக் காணும் எவரும் இவ்வுண்மையைக் கண்முன் காண்பர்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று. வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் இறைக்கும் தோட்டக்காரனைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவன் குடும்பம் அந்நீரினாலேதான் வாழ்கின்றது. அவன் பிள்ளைகளின் படிப்பும் அந்நீரினாலேதான். ஆயினும் எந்த ஊரில் எந்த மாதத்தில் எத்தனை அடி நீர் இறங்குகிறது, எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவராயிற்று என்ற கணக்கை ஊரார் தம் கையில் வைத்திருக்கின்றார்களா? திணைக்களங்களிற் சில கோவைகள் இருக்கலாம். அவை கமக்காரன் கைக்கு எட்டுவதில்லை.

இங்கேதான் மாணாக்கனின் பணி வருகின்றது. ஒரு மாணவி தன் ஊரில் கடலுக்கு அண்மையிலிருந்து உள்நோக்கி ஒரே நேர்கோட்டில் 12 கிணறுகளைத் தெரிந்தெடுக்கின்றாள் என வைத்துக்கொள்வோம். முடிச்சிட்ட கயிறும், நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் சிறு மானியும், ஒரு கொப்பியும், ஒரு சைக்கிளும் அவளுக்குப் போதும். மழைக்கு முன்னும் பின்னும் அளக்கின்றாள். கிணற்றுக்காரரிடம் எத்தனை மணிநேரம் இறைக்கின்றீர் என்று கேட்டெழுதுகின்றாள். கடலுக்குக் கிட்டிய கிணறே அதிகம் உவர்க்கும் என்று எண்ணித் தொடங்கியவள், உள்ளே இருக்கும் ஒரு கிணறு அதனினும் உவர்ப்பதைக் காண்கின்றாள். ஏன்? அதிகம் இறைப்பதாலா? பாறையின் வெடிப்பு அவ்வழியே கடலோடு தொடர்புற்றிருப்பதாலா? இக்கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் விடை அச்சிடப்பட்டிருக்கவில்லை. தான் எண்ணியது பிழையென்று கண்டு, அப்பிழையை மறைக்காது எழுதி, காரணந்தேடும் அந்த நிமிடத்திலேயே அவள் ஆராய்ச்சியாளராகின்றாள்.

நைத்திரேற்றைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். வலிகாமத்துத் தோட்டங்களில் இடும் யூரியாவும் எருவும், நெருங்கிய வளவுகளின் மலகூடக் குழிகளும் சுண்ணக்கல் வழியே கிணற்றிற் கலக்கின்றன என்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு அது கேடு விளைவிக்கும். இவ்வுண்மைகள் ஆங்கில அறிக்கைகளில் உறங்குகின்றன. ஊர்ப் பாடசாலை மாணவன் ஒருவன் தன் ஒழுங்கையிலுள்ள கிணறுகளைச் சோதித்து, தமிழில் எழுதி, ஊர்க் கூட்டத்தில் வாசிப்பானாயின், எந்த அறிக்கையும் செய்யாத வேலையை அவன் செய்தவனாவான்.

சான்றில்லாத மக்கள் படும் பாட்டை நாம் கண்டிருக்கின்றோம். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் படலங்கண்ட மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். கழிவெண்ணெய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் பரவிற்று, குடிக்கலாமா கூடாதா என்பவற்றில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தனர். 2015இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்கப்படவேண்டும் எனக் கட்டளையிட்டது. மாணவரின் கொப்பி இரசாயன ஆய்வுகூடத்தின் இடத்தைப் பெறாது என்பதை நாம் அறிவோம். ஆனால் முன்னைய ஆண்டுகளில் அக்கிணறுகள் எந்நிலையில் இருந்தன என்று ஊரவர் தாமே எழுதிய குறிப்புகள் ஒவ்வொரு பாடசாலையிலும் இருந்திருப்பின், கேடு தொடங்கிய நாளையும் இடத்தையும் சுட்டிக்காட்டுவது எவ்வளவு எளிதாயிருந்திருக்கும்!

மலைநாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு வீழ்ந்து லயங்களையும் அவற்றில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களையும் மூடிற்று. அவ்விடம் அபாயமானதென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். இரண்டிற்குமிடையே பாலமில்லை. நிலத்தில் தோன்றும் வெடிப்பையும், சாய்ந்து நிற்கும் மரத்தையும், புதிதாகக் கசியும் ஊற்றையும், அவற்றின் பொருளையும் அறிந்த பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் இருப்பார்களாயின், அவர்களே அந்தப் பாலமாவர். இப்பாடத்தில் உயிரே பணயமாக இருக்கின்றது.

கிழக்கே ஒலுவில் துறைமுகம் அமைந்தபின் அதன் அயலிலுள்ள கரையைக் கடல் அரித்து வருவதை மீனவரும் தென்னந்தோட்டக்காரரும் கண்ணாற் கண்டு முறையிட்டு வந்தனர். கரையில் நட்ட ஒரு கட்டையிலிருந்து நீர்விளிம்பு எத்தனை மீற்றர் என்று மாதந்தோறும் அளந்து எழுதுவதற்குப் பெரும் கல்வி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். ஐந்தாண்டு அளவுகள் சேருமாயின் அது முறைப்பாடாக இராது, ஆவணமாகிவிடும். மட்டக்களப்பு வாவியின் வெள்ளமட்டம், மன்னாரின் மணல், வன்னிக் குளங்களின் தூர்வு என்று ஒவ்வொரு மாவட்டத்திற்கும் அதற்குரிய கேள்விகள் காத்துக்கிடக்கின்றன.

காணி விடயத்தையும் விட்டுவிட முடியாது. ஒல்லாந்தர் தோம்பெழுதியதன் காரணம் நம்மீது கொண்ட அன்பன்று. வரி அறவிடுவதற்காகவே எழுதினர். ஆயினும் எழுதப்பட்ட நிலத்திற்கே வழக்கில் நிலையுண்டு என்ற பாடத்தை அது நமக்குக் கற்பித்தது. 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு இடம்பெயர்ந்தோர் பல ஆண்டுகளின் பின் திரும்பியபோது, வேலியும் ஒழுங்கையும் கிணறும் உருமாறி, எல்லை காண இயலாது நின்றனர். 2013இல் அங்கே 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உறுதி தொலைந்தவர் பட்ட துயரம் சட்டத்தரணிகள் அறிவர். முதியவர்களின் நினைவிலிருந்து பழைய ஒழுங்கைகளையும் கேணிகளையும் கோவில் வீதிகளையும் கேட்டறிந்து படத்திற் குறிக்கும் மாணவன் நில உறுதியை உண்டாக்க மாட்டான். ஆனால் அழிந்துபோகும் நினைவொன்றைக் காப்பாற்றிவிடுவான்.

பிறநாட்டார் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்பதையும் நோக்குவோம். பிரித்தானியாவில் 1930களில் டட்லி ஸ்ராம்ப் என்னும் புவியியலறிஞர் நாடு முழுவதன் நிலப்பயன்பாட்டையும் படமாக்க முயன்றார். அவருக்குப் படையில்லை, பெரும் பணமுமில்லை. ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவுப் படங்களைப் பாடசாலைகளுக்கு அனுப்பினார். மாணவர் வயல்வயலாகச் சென்று, இது உழவு நிலம், இது புற்றரை, இது காடு என்று குறித்து அனுப்பினர். பின்னர் உலகப்போர் மூண்டு உணவுத்தட்டு வந்தபோது, எந்நிலத்தை உழுவது என்று தீர்மானித்தவர்களுக்குச் சிறுவர் குறித்த அப்படங்கள் கைகொடுத்தன.

இன்று இங்கிலாந்தின் உயர்தரப் புவியியற் பரீட்சையில் 20 வீதப் புள்ளி மாணவனது சொந்த ஆய்வுக்கே உரியது. குறைந்தது 4 நாள் வெளிக்களத்தில் வேலை செய்திருத்தல் வேண்டும். கேள்வி அவனுடையதாயிருத்தல் வேண்டும். அறிக்கையும் அவனே எழுதல் வேண்டும். 2018இல் இம்முறைப்படி முதற்பரீட்சை நடந்தது. 1830இல் நிறுவப்பட்ட அரச புவியியற் கழகம் இவ்வகை ஆய்வுகளுட் சிறந்தவற்றைத் தெரிந்து பரிசளித்து வருகின்றது. உலகப் புகழ்பெற்ற பயணிகளைக் கௌரவித்த அதே கழகம், ஊர் ஓடையை அளந்த பள்ளி மாணவியையும் கௌரவிக்கின்றது. ஆங்கிலேயர் செய்தார் என்பதற்காக நாமும் செய்யவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நன்று எங்கிருப்பினும் அதனை அறிந்துகொள்வதிற் குறைவில்லை என்கின்றோம்.

நம்மிடம் ஆற்றல் இல்லாமலா இருக்கின்றது? பேராசிரியர் குலரத்தினம் போன்றோர் இந்நாட்டுப் புவியியற் கல்விக்கு வழிகாட்டினர். செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல் எழுதிய க. குணராசா அவர்கள், புவியியல் நூல்களைத் தமிழில் எழுதிப் பல தலைமுறை மாணவர் கையிற் கொடுத்தார். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை வகுத்து, கடனீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்கலாம் எனக் காட்டினார். அத்திட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் முற்றுப்பெறாமற் கிடந்தது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்வது பற்றிய வழக்கில் கிளிநொச்சிக் கமக்காரனும் குடாநாட்டுக் குடிமகனும் எதிரெதிரே நிற்கநேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. குளத்தின் கணக்கை இருவரும் ஒரே ஏட்டில் வாசித்திருந்தால் அக்கசப்பிற் பாதி குறைந்திருக்கும்.

பின் ஏன் நம் மாணவர் களத்திற்குச் செல்வதில்லை? காரணம் வெளிப்படை. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்த நாள்முதல், ஒவ்வொரு புள்ளியும் நமக்குக் குருதித்துளியாயிற்று. 2001 முதல் நடைமுறையிலுள்ள இசற் புள்ளியும் பெற்றோரின் அச்சத்தைக் குறைக்கவில்லை. புள்ளி தராத எதுவும் வீண் என்று எண்ணப் பழகிவிட்டோம். பாடசாலை விட்டதும் ரியூசன். ரியூசன் விட்டதும் மாதிரி வினாத்தாள். கிணற்றடிக்குப் போக நேரம் எங்கே? இவ்வச்சத்தை உண்டாக்கியவர் நாமல்லர். ஆனால் அதற்குள்ளேயே நம் பிள்ளைகளை அடைத்துவைப்பவர் நாமே.

நமது கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றையும் நேர்மையாக நோக்குவோம். பாராட்டு என்றதும் போட்டி வரும். போட்டி வந்ததும் பணம் பெற்று ஆய்வெழுதிக் கொடுப்போர் வருவர் என்பது முதலாவது தடை. இது வெறும் அச்சமன்று, நடக்கக்கூடியதே. இதற்கு மருந்து வாய்மொழி விசாரணை. கொப்பியுடன் மாணவனை அழைத்து, இந்த அளவை எந்நாளில் எடுத்தாய், அன்று மழையா வெயிலா, கிணற்றுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டால், எழுதியவன் யார் என்பது பத்து நிமிடத்தில் வெளிப்படும். நகரத்துப் பெரிய பாடசாலைகளே பரிசுகளை அள்ளிக்கொள்ளும் என்பது இரண்டாவது தடை. மாவட்டந்தோறும் தனித்தனியே தெரிவுசெய்வதும், கருவியின் விலையை நோக்காது கேள்வியின் கூர்மையையும் அளவின் நேர்மையையும் நோக்குவதும் இதற்குப் பரிகாரம். பரீட்சைக்குக் கேடு என்பது மூன்றாவது. முதலாண்டு விடுமுறை நாள்களில் நடைபெறும் பணி இறுதியாண்டுப் படிப்பைக் கெடுக்காது. படித்ததை நெஞ்சிற் பதியச் செய்யும்.

ஆகவே நாம் முன்வைப்பவை இவை. முதலாவதாக, வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்களும் ஆசிரியர்களும் பல்கலைக்கழகப் புவியியற்றுறையினரும் கூடி, ஆண்டுக்கொருமுறை சிறந்த ஆய்வுகளைத் தெரியும் குழுவொன்றை அமைத்தல் வேண்டும். இரண்டாவதாக, விதிகள் முன்கூட்டியே அச்சிடப்படல் வேண்டும். கேள்வி மாணவனுடையது, ஆசிரியர் வழிகாட்டலாம், எழுதலாகாது, எண்ணியதற்கு மாறான முடிபு கண்டவருக்கு அதனாற் புள்ளி குறையலாகாது. மூன்றாவதாக, பரிசு பெருந்தொகையாக இருத்தலாகாது. ஒரு பதக்கமும், சில நல்ல நூல்களும், ஆய்வை அச்சிலேற்றும் வாய்ப்பும் போதும். நான்காவதாக, பரிசளிப்பு நகர மண்டபத்தில் மட்டும் நடைபெறலாகாது. ஆய்வு நடந்த ஊரிலேயே, அளக்கப்பட்ட கிணறுகளின் சொந்தக்காரர் முன்னிலையில், மாணவன் தன் முடிபை வாசித்தல் வேண்டும். ஐந்தாவதாக, ஒவ்வொரு ஆய்வின் பிரதியும் பொதுநூலகங்களிற் சேர்க்கப்படல் வேண்டும். ஓர் இடத்தில் மட்டுமன்று, பல இடங்களில். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது நாம் கற்ற பாடத்தை இன்னொருமுறை கற்கத் தேவையில்லை.

இதில் நம் வாசகர்க்குப் பங்குண்டு. பொறியியலாளரும் நிலவளவையாளரும் வைத்தியரும் ஆண்டில் இரண்டு சனிக்கிழமைகளை ஊர்ப் பாடசாலைக்கு அளிக்கலாம். சங்கிலி பிடிக்கவும் படம் வாசிக்கவும் கற்பிக்கலாம். சட்டத்தரணிகள் சான்றை எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்கலாம். கமக்காரப் பெருமக்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. கொப்பியும் கயிறுமாக ஒரு பிள்ளை உங்கள் படலையைத் தட்டும்போது, இது யாருடைய பிள்ளை, என்ன வேலையற்ற வேலை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கிணற்றின் கதையைச் சொல்லுங்கள். எந்த மாரி பொய்த்தது, எந்த மாரியில் நீர் வாய்க்காலை மீறிற்று, 2008ஆம் ஆண்டு நிஷா புயலில் வெள்ளம் எந்தப் படிக்கட்டு வரை நின்றது என்பதெல்லாம் உங்கள் நெஞ்சில் இருக்கின்றன. நீங்கள் சொல்லாவிட்டால் அவை உங்களோடு மறைந்துபோகும்.

மண்ணை நேசிக்கின்றோம் என்று மேடையிற் சொல்வது எளிது. அதன் ஆழத்தை அளந்து, அதன் நோயைக் குறித்து, பிழையாயின் பிழையென்றே எழுதிவைக்கும் பிள்ளையின் நேசம் நமது பேச்சினும் பெரிது. அப்பிள்ளைக்கு ஒரு பதக்கமும், ஊரார் கூடியிருந்து கேட்கும் ஒரு மாலைப்பொழுதும் கொடுப்பதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை. வரும் மாரி தொடங்குமுன் ஒரு மாவட்டத்திலேனும் இப்பணி தொடங்கட்டும். மழை நமக்காகக் காத்திராது.